ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

வானமும் பூமியும் என்றென்றும் உள்ளனவா? அன்றி ஒரு காலத்தில் தொடங்கியனவா? தொடங்கியனவாயின், தொடங்கி வைத்தவன் ஒருவன் வேண்டாமா? கடையடைத்த பின் நம் வாலிபர்கள் கூடிப் பேசுமிடத்தில் இக்கேள்வி எழுவது உண்டு; குளுவாங்கும் இதற்கு விலக்கன்று. ஆயினும் கேள்வி புதிதன்று. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் இதிலே தம் அறிவையெல்லாம் செலுத்திய பேரறிஞர் ஒருவரின் சரிதையைச் சுருக்கமாகத் தருகிறோம்.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூற்று விற்று வாழ்ந்த எளியவர் என்று சரித நூல்கள் கூறும். அவர் இளமையிலேயே மறைந்து விடவே, அனாதைச் சிறுவர்களான கஸ்ஸாலியும் தம்பி அஹ்மதும் மதரஸாவின் உணவை உண்டு கல்வி கற்றனர். பின்னர் நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ அவர்களிடம் பயின்று, 1091இல், முப்பத்து மூன்றாம் வயதில், பக்தாது நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியராய் அமர்ந்தார்கள். மந்திரி நிஜாமுல் முல்க் அளித்த பதவி அது. முந்நூறு மாணவர்கள் அன்னாரிடம் பாடம் கேட்டனர்.

அக்காலத்தில் இப்னு ஸீனா முதலிய தத்துவ ஞானிகளின் கொள்கை கற்றோரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. அவர்கள் இறைவனை மறுத்தவர்களல்லர். சூரியன் உள்ள அளவும் ஒளி உள்ளது போல, இறைவன் உள்ள அளவும் உலகம் உள்ளது. ஆகவே அதற்குத் தொடக்கம் இல்லை என்பதே அவர்கள் கட்சி. இமாம் அவர்கள் முதலில் இக்கட்சியை நன்கு கற்றார்கள். அதை ஒளிவு மறைவின்றி எடுத்துரைக்க மகாஸிதுல் பலாஸிபா என்னும் தனி நூலே எழுதினார்கள். எதிரியின் சரக்கை அறியாமல் விலை பேசுவது அன்னாரின் வழக்கமன்று.

பின் தஹாபுதுல் பலாஸிபா என்னும் நூலில் இருபது விஷயங்களை எடுத்து மறுத்தார்கள். முதலாவது, உலகம் அநாதி என்னும் கொள்கை. சனிக்கோள் ஒரு சுற்றுச் சுற்ற முப்பது ஆண்டாகும். சூரியனுக்கு ஓராண்டு என்று அக்கால வானநூலார் கணித்திருந்தனர். ஒரு பேரேட்டில் முப்பது பதிவு ஏறும்போது மற்றொன்றில் ஒன்றே ஏறுகிறது. தொடக்கமே இல்லையென்றால் இரண்டும் எண்ணற்றவை. அப்படியானால் இவ்விரண்டிற்கும் உள்ள முப்பது மடங்கு வேறுபாடு என்னாவது என்று கேட்டார்கள். இறைவன் ஏன் அப்போது படைத்தான், அதற்கு முன் ஏன் படைக்கவில்லை என்று எதிர்க்கட்சியார் வினவுவர். பசித்தவன் முன் ஒன்றுபோல் இரண்டு பேரீச்சம்பழம் வைத்தால் அவன் ஒன்றை எடுப்பானன்றோ? வேற்றுமை இல்லாத இடத்திலும் தேர்ந்தெடுப்பதே நாட்டத்தின் இயல்பு என்பது அன்னாரின் விடை. தொடங்கியதெல்லாம் ஒரு காரணத்தால் தொடங்கியது, உலகம் தொடங்கியது, ஆகவே அதற்கும் காரணம் உண்டு என்னும் முடிவை இக்திஸாத் என்னும் மற்றொரு நூலில் நிறுவினார்கள்.

இன்னொன்றையும் அவர்கள் எச்சரித்தார்கள். கிரகணம் எவ்வாறு உண்டாகிறது என்பது கணக்கினால் நிரூபணமான உண்மை. மார்க்கத்தைக் காப்பதாக எண்ணி அதை மறுப்பவன், மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்றார்கள்.

தஹாபுத் ஹிஜ்ரி 488 முஹர்ரத்தில், அதாவது 1095 ஜனவரியில் முடிந்தது. அதே ஆண்டு ரஜபில் நிகழ்ந்ததே அன்னார் வாழ்வின் திருப்பம். பாடம் சொல்ல வாய் திறந்தால் நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை, வைத்தியர்கள் கைவிட்டனர். இறைவன் உண்டு என்பதில் அப்போது அன்னாருக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் தம் நிய்யத்தின் மீதே. அல்லாஹ்வுக்காகப் போதிக்கிறோமா, புகழுக்காகவா என்று தம்மைத் தாமே கேட்டபோது கிடைத்த விடை அவர்களை நடுங்கச் செய்தது. குடும்பத்துக்கு வேண்டிய அளவு வைத்துவிட்டு, எஞ்சிய பொருளைத் தருமம் செய்து, பதவியைத் துறந்து பக்தாதை விட்டு வெளியேறினார்கள். டமாஸ்கஸ் பள்ளியின் மினாராவில் கதவடைத்துத் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸைத் தரிசித்தார்கள், ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். இஹ்யா உலூமித்தீன் இத்துறவுக் காலத்தின் கனியாகும். 1106இல் நைஸாபூரில் மீண்டும் சிலகாலம் போதித்து, ஹிஜ்ரி 505இல் (1111) தூஸிலேயே மறைந்தார்கள்.

வாதம் அத்துடன் ஓயவில்லை. ஸ்பெயின் நாட்டு இப்னு ருஷ்து, தஹாபுதுக்கு மறுப்பு நூல் எழுதினார். பிற்காலக் கணித அறிஞர்கள் எண்ணற்றவற்றையும் முரணின்றிக் கையாள வழி கண்டனர். வானநூலாரோ, 1929இல் ஹப்பிள் காட்டிய விரிவையும், 1965இல் அறிவிக்கப்பட்ட விண்ணின் நுண்ணலைக் கதிரையும் கொண்டு, இன்றைய பிரபஞ்சம் சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிக வெப்பமான நிலையிலிருந்து விரியத் தொடங்கியது என்கின்றனர். அதுவே முதல் தொடக்கமா என்பது இன்னும் ஆராய்ச்சியில் உள்ளது. இக்கொள்கைக்கு வித்திட்டோரில் ஒருவரான லெமாய்த்தர் கிறிஸ்தவப் பாதிரியார். அவரே இதனை மதத்துக்குச் சான்றாக்குவதை விரும்பவில்லை.

ஆகவே வாலிபர்கள் வாதாடட்டும்; தடுக்க வேண்டாம். எதிரியின் கட்சியை அவனே ஒப்பும்படி சொல்லிக் காட்டிய பிறகு மறுக்கட்டும். நிரூபணமானதை மறுக்காதிருக்கட்டும். இமாம் அவர்கள் ஊரறிய வென்ற வாதத்துக்குப் பின், தம் உள்ளத்தின் கணக்கையும் எடுத்துப் பார்த்தார்கள். வியாபாரிகளாகிய நாம் ஆண்டு முடிவில் இருப்பெடுப்பவர்கள். அக்கணக்கு எத்தகையது என்பது நமக்குப் புரியாததன்று.