பால் கால்வின்

பால் கால்வின் (1895 - 1959) அமெரிக்கத் தொழில்முனைவோர் ஆவார். மோட்டோரோலா நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். ஓடும் தானுந்தில் தெளிவாகக் கேட்கத்தக்க வானொலிப் பெட்டியைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். தானுந்து வானொலியை இவரே கண்டுபிடித்தார் எனச் சிலர் எழுதுவது சரியன்று. 1920களிலேயே அத்தகைய பெட்டிகள் இருந்தன. ஆனால் அவை விலை மிகுந்தவை, பொருத்துவதற்கும் கடினமானவை.

வாழ்க்கை

இவர் இலினொய் மாநிலத்தில் ஆர்வர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார் (இவ்வூருக்கும் ஆர்வர்டு பல்கலைக்கழகத்துக்கும் தொடர்பில்லை). முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றினார். பின்னர் நண்பர் எட்வர்டு ஸ்டூவர்ட்டுடன் தொடங்கிய மின்கலத் தொழில் இருமுறை நொடித்தது. 1928 இல் தம்பி ஜோசப்புடன் சிகாகோவில் கால்வின் உற்பத்தி நிறுவனத்தைத் தொடங்கியபோது கையிருப்பு 565 டாலர் மட்டுமே. மின்கலத்தால் இயங்கும் வானொலிகளை வீட்டு மின்சாரத்தில் இயக்க உதவும் கருவியே முதல் உற்பத்திப் பொருள். நேரடியாக மின்சாரத்தில் இயங்கும் வானொலிகள் பரவியதும் அக்கருவிக்குத் தேவை குறைந்தது. 1929 இன் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ளவே, புதிய பொருளொன்றைக் கண்டாக வேண்டிய நிலை ஏற்பட்டது.

இரைச்சல் சிக்கல்

கால்வின் தெரிவுசெய்தது தானுந்து வானொலி. இதில் பெரும் இடையூறு தானுந்தின் பொறியே. எரிபற்றுச் செருகியில் தோன்றும் ஒவ்வொரு தீப்பொறியும் ஒரு சிறு வானொலி அலைபரப்பி போலச் செயற்படுகிறது. வீச்சுப் பண்பேற்ற முறையில் ஒலி, அலையின் வீச்சிலேயே பதிந்திருப்பதால், இத்துடிப்புகளும் ஒலிபெருக்கியில் படபடவெனக் கேட்கும். பொறியின் வேகம் கூடினால் படபடப்பும் விரைவுபடும்; பொறியை நிறுத்தினால் அடங்கிவிடும். வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை போன்ற ஒலி கேட்டால் குற்றவாளி மின்னாக்கியின் தூரிகைகள் எனக் கொள்ளலாம். பொறியை நிறுத்திய பின்னும் இரைச்சல் நீடித்தால் காரணத்தை அலைவாங்கியிலோ அருகிலுள்ள மின்கம்பிகளிலோ தேட வேண்டும்.

எரிபற்றுக் கம்பிகளில் மின்தடையங்களையும், மின்னாக்கியில் மின்தேக்கியையும் இணைப்பது, வானொலியை உலோகப் பெட்டியில் அடைத்து வண்டியின் உடலோடு நன்கு நிலமிணைப்பது ஆகியன அக்காலத் தீர்வுகள். வில்லியம் லியர், எல்மர் வேவரிங் ஆகியோர் இம்முயற்சியில் கால்வினுக்குத் துணைநின்றனர்.

1930 இல் அட்லாண்டிக் நகரில் வானொலி உற்பத்தியாளர் மாநாடு நடந்தது. கால்வின் தமது ஸ்டூடிபேக்கர் வண்டியில் வானொலியைப் பொருத்திச் சிகாகோவிலிருந்து அங்குச் சென்றார். அரங்கு எடுக்கப் பணமில்லை. வண்டியை வெளியே நிறுத்தி, ஒலியைக் கூட்டி வைத்து, வந்தோரைக் கேட்கச் செய்து, கொள்முதல் ஆணைகளைப் பெற்றார். மோட்டார் என்பதோடு, அக்கால இசைப்பெட்டிப் பெயர்களில் வழங்கிய ஓலா என்னும் ஈற்றைச் சேர்த்து மோட்டோரோலா என இவர் பெயரிட்டார்.

பிற்காலம்

நிறுவனம் 1936 இல் காவல்துறை வண்டிகளுக்கான வீச்சுப் பண்பேற்ற வானொலியையும், இரண்டாம் உலகப் போரின்போது கையடக்க இருவழி வானொலியையும் உருவாக்கியது. 1947 இல் நிறுவனத்தின் பெயரே மோட்டோரோலா என மாறியது. 1956 இல் மகன் ராபர்ட் தலைவரானார். கால்வின் 1959 இல் இரத்தப் புற்றுநோயால் காலமானார்.