திருமலை நாயக்கர்

திருமலை நாயக்கர் மதுரையை ஆண்ட நாயக்க மன்னர்களுள் புகழ்பெற்றவர் ஆவார். இவரது ஆட்சிக்காலம் 1623 முதல் 1659 வரை ஆகும்.

வாழ்க்கை

இவர் முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கரின் மகன். தமையன் முத்து வீரப்ப நாயக்கருக்குப் பின் அரியணை ஏறினார். திருச்சிராப்பள்ளியில் இருந்த தலைநகரை மீண்டும் மதுரைக்கு மாற்றினார். திருமலை நாயக்கர் அரண்மனை, புது மண்டபம், வண்டியூர் தெப்பக்குளம் ஆகியவை இவர் கட்டியவை. இவர் தொடங்கிய இராய கோபுரம் முற்றுப்பெறவில்லை. ஆட்சியின் இறுதியில் மைசூர்ப் படையெடுப்பை இராமநாதபுரம் இரகுநாத சேதுபதியின் துணையுடன் முறியடித்தார். 1659-இல் காலமானார்.

மணி மண்டபங்கள்

இராசபாளையத்திற்கு வடகிழக்கே அமைந்துள்ள திருவில்லிபுத்தூரிலும் இவருக்கு ஓர் அரண்மனை இருந்தது. மதுரையில் தங்கும் நாட்களில், அவ்வூர் ஆண்டாள் கோயிலில் பூசை முடிந்த பின்னரே இவர் உணவு உண்பார் என்பது மரபு வழிச் செய்தி. இதற்காக வழிநெடுக மணி மண்டபங்கள் கட்டப்பட்டன என்பர். ஒரு மண்டபத்தின் மணியோசை கேட்டதும் அடுத்த மண்டபத்தில் மணி அடிக்கப்படும். இவ்வாறு செய்தி மதுரையை அடையும். கட்டபொம்மன் திருச்செந்தூர்ப் பூசையை அறிய இவ்வாறே செய்ததாகவும் கூறப்படுகிறது.

இரு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 75 கி.மீ. ஆகும். ஒலி மட்டும் இதைக் கடக்க மூன்றரை நிமிடங்களுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு மண்டபத்திலும் கேட்டு அடிக்கும் நேரத்தையும் இதனுடன் கூட்ட வேண்டும். ஆயினும் குதிரை வீரனை விட இது மிக விரைவானது.

இம்முறையில் எந்த மண்டபமும் கோயிலை நேரே அறியாது; தன் அண்டை மண்டபத்தை மட்டுமே நம்பும். இதில் ஒரு குறையும் உண்டு. மணியோசை வரவில்லை எனில், பூசை தாமதமா, இடையில் ஒரு மண்டபம் தவறியதா என்பதை மன்னரால் அறிய இயலாது.

இக்கால ஒப்பீடு

கணினி வலையமைப்பில் ரவுட்டர் எனப்படும் திசைவிகளும் அண்டைத் திசைவி கூறுவதைக் கேட்டே பாதைகளை அறிகின்றன. 1988-இல் ஆவணப்படுத்தப்பட்ட ஆர்.ஐ.பி. நெறிமுறையில், ஒவ்வொரு திசைவியும் 30 நொடிகளுக்கு ஒரு முறை, தான் அறிந்த ஊடங்களையும் அவற்றின் தொலைவையும் அண்டையாருக்கு அறிவிக்கும். கேட்ட திசைவி அத்தொலைவுடன் ஒன்றைக் கூட்டித் தன் அண்டையாருக்கு அறிவிக்கும். தொலைவு 16 ஆனால் அவ்விடம் எட்ட முடியாதது எனக் கொள்ளப்படும்.

அண்டைத் திசைவியிடமிருந்து 180 நொடிகள் செய்தி வராவிடில் அதன் வழியான பாதை கைவிடப்படும். வேறு அண்டை வழியே பாதை இருப்பின் அது ஏற்கப்படும். மணி மண்டபத் தொடரில் ஒரே வழிதான் இருந்தது. மௌனத்திற்குப் பொருள் சொல்லவும் அங்கு விதி இல்லை.