கல்லூரி பார்க்காதவர் தந்த வேளாண் கல்லூரி

வேளாண் கல்லூரிகள் விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கும் உரியவை என்பதைச் சட்டமாக்கப் போராடியவரைத் தெரியுமா? அமெரிக்காவின் ஜஸ்டின் மோரில். அவர் கல்லூரியில் படித்தவர் அல்ல.

1810-ல் வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்ட்ராஃபோர்டில் கொல்லர் மகனாகப் பிறந்தார். வசதியில்லாததால் 15 வயதிலேயே படிப்பு நின்றது. கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு வியாபாரியாகி, 38 வயதில் அதை விட்டு விவசாயத்தில் இறங்கினார். 1855-ல் நாடாளுமன்றம் சென்றார்.

மண் சத்திழந்து மகசூல் குறைவதைக் கண்டு, 1857-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 20,000 ஏக்கர் வீதம் (1862 சட்டத்தில் 30,000) மாநிலங்களுக்கு அரசு நிலம். அதை விற்ற பணத்தின் வட்டியில் வேளாண்மையும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரி. இரு அவைகளிலும் நிறைவேறியும், 1859-ல் அதிபர் புக்கானன் நிராகரித்தார். மோரில் விடவில்லை. உள்நாட்டுப் போரின் நடுவே, 1862 ஜூலை 2-ல் லிங்கன் கையெழுத்திட்டார்.

குறையும் சொல்ல வேண்டும். அந்த நிலங்கள் பூர்வகுடிகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. தென்மாநிலக் கல்லூரிகள் பெரும்பாலும் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. மோரில் கொண்டுவந்த 1890-ம் ஆண்டுச் சட்டம், அவர்களைச் சேர்க்காத மாநிலம் தனிக் கல்லூரியாவது அமைத்தால்தான் நிதி என்றது. பிரிவினை நீங்கவில்லை, ஆனாலும் படிப்புக்கு வழி பிறந்தது.

1898-ல் இறக்கும்வரை அவர் செனட்டராக இருந்தார். அந்தக் கல்லூரிகளின் மாதிரியில்தான், இல்லினாய் பல்கலைக்கழக உதவியோடு, 1960-ல் பந்த்நகரில் இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கியது.

வேளாண் பல்கலைக்கழகம் உங்களுக்காக ஏற்பட்டது. பயிரில் சந்தேகமா? தயங்காமல் போய்க் கேளுங்கள்.