விண்வெளிக்கு 'பார்டர்' கிடையாது... இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த மான்ஃப்ரெட் லாக்ஸ் யார்?

2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒரு பெரிய உலோக உருளை ஒதுங்கியது. அது நம்ம இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட் பாகம் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் இரு நாட்டுக்கும் சண்டை வரவில்லை. விண்ணில் ஏவிய பொருள் எங்கே விழுந்தாலும் அது அனுப்பிய நாட்டுக்கே சொந்தம், சேதம் வந்தாலும் அந்த நாடே பொறுப்பு என்று 1967-லேயே எழுதி வைத்தாச்சு.

அந்த விண்வெளி ஒப்பந்தத்துக்காக நாடுகளை ஒரே மேஜையில் பிடித்து வைத்தவர்களில் முக்கியமானவர், போலந்து சட்ட அறிஞர் மான்ஃப்ரெட் லாக்ஸ்.

1914-ல் ஸ்தானிஸ்வாவுஃப் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியா-ஹங்கேரி. பிறகு போலந்து, சோவியத், நாஜி ஜெர்மனி, மறுபடி சோவியத், இப்போது உக்ரைன். வீடு மாறாமலே நாடு மாறிக்கொண்டிருந்த ஊர் அது! கிராகோவில் சட்டம் படித்த லாக்ஸ், இரண்டாம் உலகப்போரின்போது லண்டனில் இருந்தார். ஊரில் இருந்த குடும்பத்தை நாஜிகள் கொன்றுவிட்டனர்.

அப்படி என்ன செய்தார்?

1962-ல் ஐ.நா. விண்வெளிக் குழுவின் சட்டத் துணைக்குழுவுக்குத் தலைவரானார். உறுப்பினர்கள் 28 நாடுகள். ஓட்டெடுப்பு கிடையாது. ஒரு நாடு 'முடியாது' என்றாலே எல்லாம் நின்றுவிடும். பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம் வேறு.

பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. விண்வெளிக்கு அரசுகள் மட்டுமே போகணும் என்றது சோவியத். தனியார் கம்பெனிகளையும் விடணும் என்றது அமெரிக்கா. கடைசியில் நடுவழி ஒன்று கிடைத்தது. தனியார் போகலாம், ஆனால் அனுமதி கொடுத்துக் கண்காணிக்க வேண்டியது அந்த நாட்டு அரசு, பொறுப்பும் அதற்கே. இன்று ஸ்பேஸ்எக்ஸ் செய்வதற்கும் அமெரிக்கா பதில் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

1963-ல் இது ஐ.நா. பிரகடனமானது, 1967-ல் ஒப்பந்தமானது. நிலவையோ வேறு கோளையோ எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் ஒரு நாட்டின் வான்வெளி எந்த உயரத்தில் முடிந்து விண்வெளி தொடங்குகிறது என்பதை மட்டும் இன்றுவரை யாரும் முடிவு செய்யவில்லை.

1978-ல் இதற்கு நிஜமான சோதனை வந்தது. அணு உலையுடன் பறந்த சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள், வடதுருவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கனடாவில் விழுந்தது. கதிரியக்கத் துண்டுகளைத் தேடி எடுத்த செலவுக்காக கனடா கேட்டது சுமார் 60 லட்சம் கனடிய டாலர். பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1981-ல் 30 லட்சம் தர சோவியத் சம்மதித்தது. பாதிதான். ஆனால் அன்றைய சோவியத்திடம் அதை வாங்கியதே பெரிய விஷயம்.

அந்த நேரத்தில் லாக்ஸ், ஹேக் சர்வதேச நீதிமன்ற நீதிபதி. 1967-ல் பொறுப்பேற்று, 1973 முதல் 1976 வரை தலைவராகவும் இருந்து, 1993 ஜனவரியில் இறக்கும்வரை அந்தப் பதவியிலேயே இருந்தார்.

அவர் பெயரில் ஆண்டுதோறும் விண்வெளிச் சட்டத்துக்கான மாதிரி நீதிமன்றப் போட்டி நடக்கிறது. இந்திய சட்டக் கல்லூரி மாணவர்களும் கலந்துகொள்கிறார்கள். கற்பனை நாடுகளின் விண்வெளித் தகராறுதான் வழக்கு. இறுதிச்சுற்றில் தீர்ப்பு சொல்ல வருவது, ஹேக் நீதிமன்றத்தின் நிஜ நீதிபதிகள்.