புகையைக் கவனித்த தையல்காரர் மகன்

மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும் என்றதும் ஆளுக்கொரு விஞ்ஞானியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சாமுவேல் பீப்ஸைப் பிடித்தேன். காரணம் பெரிசா ஒன்றுமில்லை. அவருடைய அப்பாவும் எங்க அப்பா மாதிரி தையல்காரர்.

1633-இல் லண்டனில் பிறந்தவர். உதவித்தொகையில் கேம்பிரிட்ஜில் படித்தார். 1660-இல் செல்வாக்கான உறவினர் ஒருவரின் சிபாரிசால் கடற்படை அலுவலகத்தில் பெரிய உத்தியோகம் கிடைத்தது. (சிபாரிசை மறைக்கக் கூடாது அல்லவா!) கப்பலுக்கு மரம், கயிறு, தார் வாங்குகிற கணக்கெல்லாம் அங்கேதான் வரும். ஆனால் மனுஷனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாது! 1662 ஜூலையில், 29 வயதில், கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடம் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தார். முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்த நான், இந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அடுத்த செப்டம்பரில் பழைய கப்பல்கள் ஏலத்துக்கு வந்தன. நம்ம ஊரில் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்பார்கள். அங்கே ஓர் அங்குல மெழுகுவர்த்தியை ஏற்றி வைப்பார்கள். சுடர் அணைவதற்கு முன் கடைசியாகக் கேட்டவருக்கே பொருள். அன்று ஒரு கெட்டிக்காரர் சரியான நொடியில் குரல் கொடுத்து ஜெயித்தார். பீப்ஸ் ரகசியத்தைத் தெரிந்துகொண்டார். சுடர் அணையப் போகும்போது புகை கீழ்நோக்கி இறங்குமாம்!

1995-இல் தொடங்கிய ஈபே இணைய ஏலத்திலும் இதே கதைதான். முடியும் நேரம் முன்பே குறித்தது. நமது உச்ச விலையைச் சொல்லிவிட்டால் தளமே நமக்காகத் தேவையான அளவு மட்டும் ஏற்றிக்கொண்டு போகும். பிறகு கடைசி நொடி எதற்கு? கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற எதிராளிக்கு மறுபடி கேட்க நேரம் தராமல் இருக்கத்தான். அமேசான் முன்பு நடத்திய ஏலத்தில் கடைசி 10 நிமிடத்தில் யாராவது கேட்டால் முடிவு மேலும் தள்ளிப்போகும். அங்கே கடைசி நேரப் போட்டி மிகக் குறைவு என்று ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸும் 2002-இல் காட்டினார்கள். மெழுகுவர்த்தி வளர்ந்துகொண்டே போனால் புகையைப் பார்த்து என்ன பயன்?

பீப்ஸ் உத்தமர் இல்லை. பரிசு என்ற பெயரில் பணம் வாங்கியிருக்கிறார், பெண்களிடம் மோசமாக நடந்திருக்கிறார். இதெல்லாம் எப்படித் தெரியும்? அவரே சுருக்கெழுத்தில் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். கண் போய்விடுமோ என்ற பயத்தில் 1669-இல் நிறுத்தினார். பின்னாளில் ராயல் சொசைட்டியின் தலைவரானார். 1687-இல் வந்த நியூட்டனின் பிரின்சிபியா முகப்பில் அவர் பெயரும் அச்சாகியிருக்கிறது. 1703-இல் காலமானார்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். நியூட்டன் யார் என்று அவர் கேட்கவில்லை. தையல்காரர் பிள்ளையா என்று மட்டும் ரெண்டு தடவை கேட்டுவிட்டு மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.