டாக்டர் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக்

இருதயத்துக்கு ரத்தம் ஊட்டும் தமனியில் அடைப்பு நேர்ந்தால் மருந்து கொடுத்துப் பார்ப்பது, அதற்கு வியாதி மசியாவிடில் மார்பைப் பிளந்து ரணசிகிச்சை செய்வது என்ற இரண்டே மார்க்கங்கள் ஒரு காலத்தில் இருந்தன. தொடையிலுள்ள ரத்தக் குழாயின் வழியே மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்தி அவ்வடைப்பை விலக்கலாம் என்று காட்டியவர் டாக்டர் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக். இன்று ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை இருதயத்தில் தாங்கி நடமாடும் லக்ஷோபலக்ஷம் பேருக்கு அவரே மூலபுருஷர் எனலாம். ஆனால் அவர் அடைப்பை விலக்கியதோடு நில்லாமல், விலகியது எவ்வளவு என்று அளந்தும் பார்த்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

அவர் 1939-ம் வருஷம் ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரில் பிறந்தார். யுத்தத்தில் தந்தையை இழந்தார். வாலிபத்தில் கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்கே தப்பிச் சென்று, ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று, 1964-ல் தேறினார். 1969-ல் ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரிச் நகரை அடைந்தார்.

அமெரிக்காவில் டாக்டர் சார்லஸ் டாட்டர் என்பவர் 1964-லேயே காலிலுள்ள தமனியின் அடைப்பைக் குழல் செலுத்தி அகற்றியிருந்தார். ஆனால் அடைப்பை விரிக்க, ஒன்றினும் பருமனாக மற்றொன்றென்று குழல்களை நுழைக்க வேண்டியிருந்தது. மெலிந்து நுழைந்து, அடைப்பை அடைந்ததும் அங்கே மட்டும் உப்பும் குழல் வேண்டுமென்பது க்ரூன்ட்ஸிக்கின் யோசனை. அதற்கு அவர் நாடியது பெரிய தொழிற்சாலையையன்று. தம் வீட்டுச் சமையலறை மேஜையின்மீது, மனைவியும் உதவியாளரும் உதவியாளரின் கணவரும் துணையிருக்க, பிளாஸ்டிக்கையும் நூலையும் பசையையுங் கொண்டு இரவு பகலாகச் செய்து பார்த்தார். அக்குழலில் இரண்டு வழிகள் அமைத்தார். ஒன்று பலூனை உப்பச் செய்வதற்கு. மற்றொன்று அடைப்புக்கு அப்பாலுள்ள ரத்த அழுத்தத்தை அளப்பதற்கு. இவ்விரண்டாவது வழியில்தான் அவருடைய அறிவின் தெளிவு விளங்குகிறது.

1974-ல் காலில் இப்பலூனைப் பிரயோகித்தார். 1976-ல் நாய்களிடம் செய்த சோதனைகளை அமெரிக்க இருதய வைத்தியர் மகாநாட்டில் வெளியிட்டபோது நம்பியவர் சிலரே. 1977 செப்டம்பர் 16-ம் தேதி, ஜூரிச்சில், 38 வயதான ஒருவரின் இருதயத் தமனியில் முதன்முறையாகப் பலூனை உப்பச் செய்தார். தவறினால் ரணசிகிச்சை செய்யச் சித்தமாக நிபுணர்கள் அருகில் இருந்தனர். பலூன் சுருங்கியதும் அடைப்புக்கு அப்பால் அழுத்தம் உயர்ந்தது. அவ்வளவோடு முடித்திருக்கலாம். ஆனால் இருபுறத்துக்கும் இன்னும் சிறிது வித்தியாசம் எஞ்சியிருப்பதை அளவு காட்டிற்று. ஆகவே மறுமுறையும் உப்பச் செய்தார். பத்தாண்டுகளுக்குப் பின் அத்தமனியைப் பரிசோதித்தபோது அது திறந்தே இருந்தது.

1979-ல் முதல் ஐம்பது பேரின் விவரங்களைப் பிரசுரித்தார். வெற்றி 32 பேரிடம். ஐவருக்கு அவசர ரணசிகிச்சை தேவைப்பட்டது. ஒன்றையும் அவர் மறைக்கவில்லை. வெற்றி பெற்றவர்களிடம் அழுத்த வித்தியாசம் சராசரி 58 பாதரச மில்லிமீட்டரிலிருந்து 19-க்கு இறங்கிற்று.

1980-ல் அமெரிக்காவில் அட்லாண்டாவிலுள்ள எமரி சர்வகலாசாலைக்குச் சென்றார். 1985 அக்டோபரில் தாமே ஓட்டிய விமானம் விழுந்து, மனைவியுடன் மாண்டார். வயது 46. மறு வருஷமே பிரான்ஸிலும் ஸ்விட்ஸர்லாந்திலும் மனித இருதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை.

அளக்கும் வழக்கமோ நாளடைவில் கைவிடப்பட்டது. குழலே தமனியை ஓரளவு அடைத்து அளவைப் பிறழச் செய்ததும், படமே போதுமென்ற எண்ணமும் இதற்குக் காரணங்கள். 1990-க்குப் பின் டாக்டர்கள் பைல்ஸ், டி ப்ரூய்ன் முதலியோர் மயிரிழை போன்ற கம்பியைக் கொண்டு அதைப் புதுப்பித்தனர். ரத்தக் குழாய்களை மருந்தால் விரியச் செய்து, அடைப்புக்கு அப்பாலுள்ள அழுத்தத்தை மகாதமனியின் அழுத்தத்தால் வகுப்பர். குற்றமற்ற குழாயில் விடை 1; குறையக் குறைய, செல்லவேண்டிய ரத்தம் செல்லவில்லையென்று பொருள். ஸ்டென்ட் வைத்த 750 பேரை இவ்வாறு அளந்து 2002-ல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு விடை 0.90-க்குங் குறைவு. ஆறு மாதத்துக்குள் மரணமோ, மாரடைப்போ, மறு சிகிச்சையோ நேர்ந்தவர் இவர்களில் நூற்றுக்கு இருபதின்மர், 0.95-ஐத் தாண்டியவர்களில் ஐவருக்குங் குறைவு. குறை எப்போதும் ஸ்டென்ட்டினுடையதென்று சொல்வதற்கில்லை. குழாய் நெடுகப் படர்ந்த நோயும் அளவைத் தாழ்த்தும். ஆயினும் இன்றும் பல ஆஸ்பத்திரிகளில் ஸ்டென்ட் வைத்தபின் படத்தைப் பார்ப்பதோடு சிகிச்சை முடிந்துவிடுகிறது.