நந்தனாரை நாடறியச் செய்தவர்

நெய்வேலியில் 16-வது வட்டத்தில் நடராசர் கோவில் இருக்கிறது. யாரும் உள்ளே போகலாம். பக்கத்தில் உள்ள சிதம்பரத்தில் ஒரு காலத்தில் அப்படி இல்லை.

அந்தக் கொடுமையைப் பாட்டாகப் பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். 19-ம் நூற்றாண்டில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்தவர். கலியாணம் செய்துகொள்ளவில்லை. பாட்டே அவர் வாழ்வு.

தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஆதனூர் நந்தனாரின் கதை பெரியபுராணத்தில் உண்டு. அதில் பண்ணையார் கிடையாது. பாரதியார் ஒரு வேதியரைப் படைத்தார். சிதம்பரம் போக அவரிடம் நந்தனார் உத்தரவு கேட்டுக் கெஞ்சுகிறார். பாரதியாரும் அந்தணரே. ஆனாலும் அந்தணப் பண்ணையாரின் கல்நெஞ்சை அவர் மறைக்கவில்லை.

பாட்டில் இலக்கணப் பிழை என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாயிரம் தரத் தயங்கினார். பாடக் கேட்டு உருகினார். பாயிரம் தந்தார்.

கதை ஊர் ஊராகப் பரவியது. சினிமாவுக்கும் வந்தது. 1935-ல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். சம்பளம் 1 லட்சம் ரூபாய்! 1942-ல் தண்டபாணி தேசிகர் நடித்தார்.

கொட்டகையில் மக்கள் கண்ணீர் விட்டார்கள். ஆனால், சென்னை மாகாணம் முழுவதும் கோவில் கதவைத் திறந்துவிடும் சட்டம் 1947-ல்தான் வந்தது.

கதையில் நந்தனார் தீயில் இறங்கிய பிறகே கோவிலுக்குள் போனார். சட்டம் வந்த பிறகு, எவரும் தீயில் இறங்க வேண்டியதில்லை.